மஸீஹ் கடவுளா? கிறிஸ்தவர்களின் வேதம் சொல்வது என்ன?

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது மஹல்லா சகோதரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய மகள் கிறிஸ்தவ நிர்வாகத்தின் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "ஹஜ்ரத், எம் மக ஒண்ணு கேட்டா. ஈஸா நபியைக் கடவுள்னு பைபிள்ல எங்கேயும் சொல்லலைன்னு பயான்ல கேட்டோமே அத்தா, என் தோழி யோவான் புத்தகத்தைத் திறந்து காட்டுறா, அதுல இருக்கேங்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயானைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

மதரஸா முடித்துவிட்டுக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது நடந்த ஒன்றும் நினைவுக்கு வந்தது. விடுதியில் பக்கத்து அறையில் ஒரு கிறிஸ்தவ நண்பர் இருந்தார். பிதா என்னைவிடப் பெரியவர் என்று ஈஸா (அலை) கூறியதாக உங்கள் வேதத்திலேயே இருக்கிறதே (யோவான் 14:28), பிறகு எப்படி அவர் கடவுள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. யோவான் 20:28ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். அந்த வசனம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு சிறு பிரசுரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வசன எண்களை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அந்தப் புத்தகத்தை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. ஒருவருடைய கிதாபிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது அமானிதமா என்று அன்று இரவு எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே இந்தக் கட்டுரையில் கிறிஸ்தவர்களின் வேதம் மஸீஹை எப்படிக் காட்டுகிறது என்பதை, நமக்குச் சாதகமானது, சாதகமல்லாதது என்று பிரிக்காமல் பார்ப்போம். நம் அகீதா என்ன என்பதில் எந்த மயக்கமும் இல்லை. ஆனால் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுக்க வேண்டும்.

மஸீஹ், தேவகுமாரன்: இரண்டு சொற்கள்

மஸீஹ் என்ற சொல் குர்ஆனில் 11 இடங்களில் வருகிறது. அனைத்தும் ஈஸா (அலை) அவர்களையே குறிக்கின்றன. எபிரெயத்தில் மஷீஹ், கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ். பொருள், எண்ணெய் தடவி நியமிக்கப்பட்டவர். பனூ இஸ்ராயீல் சமூகத்தில் அரசர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் அப்படிச் செய்வது வழக்கம். ஏசாயா 45:1இல் பாரசீக அரசர் கோரேசுக்குக்கூட இந்தப் பட்டம் தரப்படுகிறது. அவர் யூதரே அல்லர். எனவே மஸீஹ் என்பதால் மட்டும் ஒருவர் கடவுளாகிவிட மாட்டார். இதைக் கிறிஸ்தவ அறிஞர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

தேவகுமாரன் என்ற சொல்லும் பழைய ஏற்பாட்டில் பலருக்கு வருகிறது. இஸ்ரவேல் சமூகம் முழுவதும் இறைவனின் மூத்த மகன் எனப்படுகிறது (யாத்திராகமம் 4:22). தாவூத் (அலை) அவர்களின் வாரிசாக வரும் அரசனுக்கும் (2 சாமுவேல் 7:14), வானவர்களுக்கும் (யோபு 1:6) அந்தச் சொல் உண்டு. புதிய ஏற்பாட்டில் ஆதம் (அலை) அவர்களுக்கும் (லூக்கா 3:38) சமாதானம் செய்பவர்களுக்கும் (மத்தேயு 5:9) உண்டு. நம் பேச்சாளர்கள் இந்தப் பட்டியலைச் சரளமாகச் சொல்வார்கள். பட்டியல் சரிதான். ஆனால் இங்கேயே நிறுத்திவிடுவதுதான் தவறு. மற்றவர்களுக்குச் சொல்லாத ஒன்றை யோவான் புத்தகம் ஈஸா (அலை) அவர்களுக்குச் சொல்கிறது: ஒரேபேறான குமாரன் (யோவான் 3:16).

'ஒரேபேறான' என்று தமிழில் வந்திருக்கும் கிரேக்கச் சொல் மோனோகெனேஸ். தனக்கு நிகரில்லாத, அந்த வகையில் ஒரேயொருவரான என்று அதற்குப் பொருள் கொள்கிறவர்களே இன்று அதிகம். ஒரு சுவையான செய்தி: இதே சொல்லை எபிரெயர் 11:17 இஸ்ஹாக் (அலை) அவர்களுக்குப் பயன்படுத்துகிறது. இஸ்ஹாக் (அலை) ஒரே பிள்ளையா என்ன? அவர்களுக்கு முன்பே இஸ்மாயீல் (அலை) பிறந்துவிட்டார்கள். பைபிளும் அப்படித்தான் சொல்கிறது. ஆக, பெற்றெடுத்தல் என்ற நேரடிப் பொருளை அந்தச் சொல்லில் ஏற்றத் தேவையில்லை. எந்தக் கிறிஸ்தவரும் அல்லாஹ்வுக்கு உடல்ரீதியாக ஒரு பிள்ளை பிறந்தது என்று சொல்வதில்லை. நம் மக்கள் சிலர் அப்படி நினைத்துக்கொண்டு வாதிடுவதால் சொல்கிறேன். அவர்கள் சொல்வது வேறு. அதையும் நாம் ஏற்பதில்லை என்பது அடுத்த விஷயம்.

மாற்கு முதல் யோவான் வரை

நான்கு சுவிசேஷங்களில் மாற்கு முதலில், கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பின். யோவான் கடைசி, முதல் நூற்றாண்டின் இறுதியில்.

மாற்குவைப் படிக்கும் ஒரு முஸ்லிம் ஏறக்குறைய தன் வீட்டில் இருப்பதாகவே உணர்வார். தன்னை நல்லவர் என்று அழைத்தவரிடம், இறைவன் ஒருவனைத் தவிர நல்லவர் எவருமில்லையே என்று ஈஸா (அலை) திருப்பிக் கேட்கிறார்கள் (10:18). கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்டபோது, இறைவன் ஒருவனே என்ற மூஸா (அலை) அவர்களின் போதனையை அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள் (12:29). இறுதி நாள் எப்போது என்பது வானவர்களுக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிறார்கள் (13:32). தரையில் விழுந்து, தன் விருப்பப்படியல்ல, உன் விருப்பப்படியே ஆகட்டும் என்று துஆச் செய்கிறார்கள் (14:35-36).

அதே மாற்குவில் வேறு பக்கங்களும் இருக்கின்றன. முடக்குவாதக்காரர் ஒருவரிடம் அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று அறிவிக்கிறார். இறைவனைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று அங்கிருந்த வேத அறிஞர்கள் மனதுக்குள் முணுமுணுக்கிறார்கள். பூமியில் பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு என்பது பதில் (2:5-12). கடைசி விசாரணையில், நீ மஸீஹா, ஸ்தோத்திரிக்கப்பட்டவரின் குமாரனா என்று தலைமை ஆசாரியர் கேட்கும்போது ஆம் என்கிறார். இறை வல்லமையின் வலப்பக்கம் அமர்ந்தவராகவும் மேகங்களோடு வருபவராகவும் மனுஷகுமாரனைக் காண்பீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். தலைமை ஆசாரியர் ஆடையைக் கிழித்துக்கொண்டு இது தெய்வ நிந்தனை என்கிறார் (14:61-64). மனுஷகுமாரன் என்றால் மனிதன்தானே என்று நாம் சொல்வோம். ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தானியேல் 7:13-14இல் வரும் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே மேகங்களோடு வரும் ஒருவருக்கு எல்லா மக்களும் பணிவிடை செய்யும் நித்திய ஆட்சி கொடுக்கப்படுகிறது. அதனால்தான் ஆசாரியருக்கு அவ்வளவு கோபம்.

மத்தேயுவில் இம்மானுவேல் என்ற பெயர் (1:23), பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் கடைசிப் பகுதி (28:19) ஆகியவை முக்கியமானவை. படகில் இருந்த சீடர்கள் அவரைப் பணிந்துகொண்டதாக 14:33இல் வருகிறது. அந்தப் 'பணிதல்' என்ற கிரேக்கச் சொல், 18:26இல் ஓர் ஊழியன் தன் எஜமானனுக்கு முன் விழுவதற்கும் வருகிறது. யூஸுஃப் (அலை) அவர்களுக்கு அவர்களின் சகோதரர்கள் ஸஜ்தாச் செய்ததைக் குர்ஆனில் படிக்கும் நமக்கு இந்த வேறுபாடு புரியும். லூக்காவில் மக்கள் அவரைப் பெரிய நபி என்றே அழைக்கிறார்கள் (7:16, 24:19).

யோவான் வேறு உலகம். இந்தப் புத்தகம் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை, படைப்புக்கு முன்பிருந்து தொடங்குகிறது. ஆதியில் வார்த்தை இருந்தது, அது இறைவனோடு இருந்தது, அதுவே இறைவனாக இருந்தது, பிறகு அது மனித உடலெடுத்தது என்பது அதன் முதல் அத்தியாயம் (1:1, 1:14). முதல் வசனத்தின் கடைசிப் பகுதியில் 'தெயோஸ்' என்ற சொல்லுக்கு முன் கிரேக்கச் சுட்டு இடைச்சொல் இல்லை, அரபியில் 'அல்' இல்லாமல் வருவதுபோல. இதை வைத்து யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் 'ஒரு கடவுள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். மற்றச் சபைகள் அது கிரேக்க இலக்கணத்துக்குப் பொருந்தாது என்கின்றன. இந்தச் சண்டையில் நாம் தலையிடத் தேவையில்லை. முதல் அத்தியாயத்தை எப்படி மொழிபெயர்த்தாலும், அது ஈஸா (அலை) அவர்களை வெறும் மனிதராகக் காட்டவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

இப்ராஹீம் (அலை) இருப்பதற்கு முன்பே தாம் இருப்பதாக அவர் சொன்னதாகவும், உடனே யூதர்கள் கல்லெடுத்ததாகவும் 8:58-59இல் வருகிறது. சந்தேகப்பட்ட தோமா கடைசியில் அவரைத் தன் ஆண்டவர் என்றும் தன் கடவுள் என்றும் அழைக்கிறார். அவர் அதைத் திருத்தவில்லை (20:28-29). விடுதியில் என் நண்பர் காட்டிய இடம் இதுதான். அதற்குப் பதினொரு வசனம் முன்னால், தம்முடைய பிதாவும் உங்கள் பிதாவும், தம்முடைய தேவனும் உங்கள் தேவனுமானவரிடம் ஏறிப்போவதாக மக்தலா ஊர் மர்யமிடம் சொல்கிறார் (20:17). தனக்கு ஒரு தேவன் உண்டு என்கிறவரை ஒருவர் தன் தேவன் என்கிறார். இரண்டும் ஒரே பக்கத்தில்.

பத்தாம் அத்தியாயத்தில் நடப்பது

யோவான் 10ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரு தரப்பும் பாதி பாதியாக மேற்கோள் காட்டும் இடம் இது.

தாமும் பிதாவும் ஒன்று என்கிறார் ஈஸா (அலை) (10:30). கிறிஸ்தவப் பிரசங்கியார் பலர் இத்தோடு நிறுத்துவார்கள். யூதர்கள் கல்லெடுக்கிறார்கள். எந்த நற்செயலுக்காகக் கல்லெறிகிறீர்கள் என்று கேட்க, மனிதனாகிய நீ உன்னைக் கடவுளாக்குகிறாயே என்கிறார்கள் (10:33). இப்போது வரும் பதிலைத்தான் நம்மவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இறைவனின் வாக்கைப் பெற்றவர்களை உங்கள் வேதமே தேவர்கள் என்று அழைத்திருக்கும்போது (சங்கீதம் 82:6), பிதாவால் பரிசுத்தமாக்கப்பட்டு அனுப்பப்பட்டவன் தன்னைத் தேவகுமாரன் என்று சொன்னால் அது நிந்தனையா என்று கேட்கிறார் (10:34-36). பார்த்தீர்களா, அந்தச் சொல் அடையாளப் பொருளில்தான் என்று அவரே விளக்கிவிட்டார் என்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பெயரில் வழங்கிவரும் 'அர்ரத்துல் ஜமீல்' என்ற நூலின் வாதத்துக்கு அடித்தளமே இந்த இடம்தான். அந்த நூல் அவர்கள் எழுதியதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை எழுதியவர் யோவான் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர் என்பது தெளிவு.

வசனம் 36ஓடு அத்தியாயம் முடியவில்லை. பிதா தம்மிலும் தாம் பிதாவிலும் இருப்பதாக அவர் தொடர்கிறார், அவர்கள் மறுபடியும் அவரைப் பிடிக்கத் தேடுகிறார்கள் (10:38-39). விளக்கத்தைக் கேட்டும் அவர்கள் சமாதானம் ஆகவில்லை என்றுதான் அந்தப் புத்தகம் சொல்கிறது. சரி, 'ஒன்று' என்றால் என்ன? 17ஆம் அத்தியாயத்தில், தாமும் பிதாவும் ஒன்றாயிருப்பதுபோலச் சீடர்களும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று அவர் பிரார்த்திக்கிறார் (17:11, 22). அதே சொல். சீடர்கள் எல்லோரும் ஒரே உடலாகிவிட மாட்டார்கள். நோக்கத்தில் ஒன்று என்ற பொருளுக்கு இது வலுவான ஆதாரம் என்பது என் கருத்து. அதே அத்தியாயத்தின் மூன்றாவது வசனம் பிதாவை ஒன்றான மெய்த்தேவன் என்றும், ஈஸா (அலை) அவர்களை அவர் அனுப்பியவர் என்றும் பிரித்துச் சொல்கிறது. கிறிஸ்தவ நண்பரிடம் பேச நேர்ந்தால் இந்த மூன்று இடங்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லலாம். ஆனால் முதல் அத்தியாயத்தையும் தோமாவையும் அவர் காட்டும்போது அதையும் கேட்க வேண்டும்.

பவுல் பிந்தியவரா?

நம்மிடையே பரவலாக ஒரு கதை உண்டு. முதலில் எளிமையான இன்ஜீல் இருந்தது, பிறகு பவுல் வந்து எல்லாவற்றையும் மாற்றினார், பிறகு கி.பி. 325இல் நிகேயாவில் அரசர் கான்ஸ்டன்டைன் கூடி உட்கார்ந்து ஈஸாவைக் கடவுளாக்க ஓட்டெடுத்தார் என்று.

ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட இன்ஜீல் என்பது நம் ஈமானின் பகுதி. அது இன்று கையிலிருக்கும் நான்கு சுவிசேஷங்கள் அல்ல. அந்த அளவில் சரி. ஆனால் இன்று கையிலிருக்கும் எழுத்துகளில் பவுலின் கடிதங்களே மிகப் பழையவை. மாற்குவுக்கும் முந்தியவை, கி.பி. 50களைச் சேர்ந்தவை. ஆகவே சுவிசேஷங்களில் இருந்ததைப் பவுல் மாற்றினார் என்று காலவரிசைப்படி சொல்ல முடியாது. பிலிப்பியர் 2:6-11இல், இறைவனின் ரூபத்தில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார், பிறகு எல்லா முழங்கால்களும் அவர் பெயருக்கு முன் முடங்கும்படி உயர்த்தப்பட்டார் என்று ஒரு பகுதி வருகிறது. இது பவுலுக்கும் முன்பே சபைகளில் பாடப்பட்ட பாட்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முழங்கால்கள் முடங்குவது என்ற சொல்லாட்சி ஏசாயா 45:23இலிருந்து வருகிறது. அங்கே அது, தன்னைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று இறைவன் அறிவிக்கும் இடம். பழைய ஏற்பாட்டில் தவ்ஹீதை இவ்வளவு ஓங்கிச் சொல்லும் இடங்கள் குறைவு. அந்த வாசகமே இங்கே ஈஸா (அலை) பக்கம் திருப்பப்பட்டுள்ளது.

1 கொரிந்தியர் 8:6உம் அப்படித்தான். பிதா என்ற ஒரே தேவன், இயேசு கிறிஸ்து என்ற ஒரே கர்த்தர் என்று அது பேசுகிறது. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. புரொட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில், தவ்ராத்தில் வரும் இறைவனின் தனிப்பெயர் 'கர்த்தர்' என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் கியூரியோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும், அது ஈஸா (அலை) அவர்களைக் குறிக்கும்போது, அதே 'கர்த்தர்'. கியூரியோஸ் என்பது எஜமான், ஐயா என்ற சாதாரணப் பொருளிலும் வழங்கும் சொல். அதே நேரத்தில் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இறைவனின் பெயருக்குப் பதிலாக வரும் சொல். சிறு வயதிலிருந்து இரண்டிலும் கர்த்தர் என்றே வாசித்து வளர்ந்த ஒரு கிறிஸ்தவக் குழந்தைக்கு, இரண்டும் ஒருவர்தான் என்பதற்குத் தனியாக வாதம் எதுவும் தேவைப்படாது. இது நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

பவுல் முழுக்க ஒரு பக்கமும் இல்லை. கடைசியில் குமாரனும் இறைவனுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் என்று அவரே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:28). இறைவன் ஒருவன், இறைவனுக்கும் மனிதருக்கும் இடையே நிற்பவர் மனிதரான கிறிஸ்து இயேசு என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது. கொலோசெயர் 1:15-16, எபிரெயர் 1:8, வெளிப்படுத்தின விசேஷம் 5:13 ஆகியவை மறுபக்கத்தில் வலுவானவை.

நிகேயா பற்றி: அங்கே பைபிளில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவில்லை. ஈஸா (அலை) அவர்களை வணங்குவதும் அங்கே தொடங்கவில்லை. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி தன் பேரரசருக்கு எழுதிய கடிதத்திலேயே, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வம்போல் பாடுகிறார்கள் என்ற தகவல் இருக்கிறது. நிகேயாவில் நடந்த சண்டை வேறு. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் படைப்புகளுக்கெல்லாம் முந்தியவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்றார். எதிர்த்தரப்பு, பிதாவின் அதே தன்மையுடையவர் என்றது. இரண்டு தரப்பும் ஒரே வேதத்திலிருந்துதான் ஆதாரம் காட்டின. பிதா பெரியவர் என்ற யோவான் 14:28 ஆரியுஸின் கையிலும் இருந்தது. நிகேயாவுக்குப் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நீடித்து, 381இல் கான்ஸ்டாண்டினோபிளில்தான் அது ஒருவாறு ஓய்ந்தது. பிறகு 451இல் சல்கேதோனில், ஒரே நபரில் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டும் கலவாமல் பிரியாமல் உள்ளன என்று வரையறுத்தார்கள். அதையும் எகிப்தின் கோப்து சபையும் ஆர்மீனியர்களும் சிரியச் சபையினரும் ஏற்கவில்லை. அந்தச் சிரியப் பாரம்பரியத்தினர் இன்றும் கேரளாவில் இருக்கிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பசித்தார், தூங்கினார், இறுதி நாளை அறியவில்லை என்று நாம் எந்த வசனத்தைக் காட்டினாலும், அது மனிதத்தன்மையைப் பற்றியது என்று அவர்களிடம் 1500 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அறியாதவர் எவரோ அவரே அனைத்தையும் அறிந்தவர் என்றால் 'அறியவில்லை' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? ஆனால் அவர்கள் இதை யோசித்ததே இல்லை என்று நினைத்துப் பேசுவது நம் அறியாமை.

கைப்பிரதிகளில் கூடிய இடங்கள்

திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை. அதை நேரடியாகச் சொல்வதுபோல் இருந்த ஒரே வசனம் 1 யோவான் 5:7. பரலோகத்தில் சாட்சி சொல்பவர்கள் மூவர், அம்மூவரும் ஒன்று என்று பழைய தமிழ் வேதாகமத்தில் இன்றும் அதைக் காணலாம். பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது இல்லை. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் 1995ஆம் ஆண்டின் திருவிவிலியத்தைத் திறந்தால், அந்த இடத்தில் தூய ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று மட்டுமே இருக்கும். 1 தீமோத்தேயு 3:16இலும் இப்படி ஒரு வேறுபாடு: பழைய மொழிபெயர்ப்பில் மாம்சத்தில் வெளிப்பட்டவர் தேவன், புதியதில் அந்தச் சொல் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு தமிழ்ப் பைபிள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ அறிஞர்களே. 1854இல் ஆக்ராவில் ஃபாண்டர் பாதிரியாரோடு விவாதித்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களும், பின்னர் தமது 'இழ்ஹாருல் ஹக்' நூலில் கிறிஸ்தவ அறிஞர்களின் எழுத்துகளையே எடுத்து வைத்தார்கள். எதிரியின் நூலை நன்றாகப் படித்தவரின் வேலை அது. ஆனால் இந்தச் சில இடங்களை நீக்கிவிட்டால் பைபிளில் மஸீஹின் தெய்வத்தன்மையே மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். யோவானின் முதல் அத்தியாயம் பழைய கைப்பிரதிகளிலும் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னது

மறுநாள் அந்தச் சகோதரரிடம் சொன்னேன்: "பாய், பயானில் நாங்கள் சொன்னது அரைகுறை என்று மகளிடம் சொல்லுங்கள். நானே கடவுள், என்னை வணங்குங்கள் என்று அந்த வார்த்தைகளிலேயே ஈஸா (அலை) பேசியதாகப் பைபிளில் ஓரிடமும் இல்லை. அது உண்மை. ஆனால் அவரைக் கடவுள் நிலையில் வைக்கும் இடங்கள் இருக்கின்றன. யோவானில் அதிகம். தோழி காட்டியது அதில் ஒன்று. அது அவள் வேதத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளட்டும்."

அவர் முகம் மாறியது. "அப்ப நாம எதை வெச்சு மறுக்கறோம் ஹஜ்ரத்?"

நாம் மறுப்பது பைபிளின் வசன எண்களை வைத்தல்ல. அல்லாஹ் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்று நம் பிள்ளைகள் மூன்று வயதில் ஓதக் கற்கும் ஸூரத்துல் இக்லாஸை வைத்து. மஸீஹும் அவர்களின் தாயாரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் 5:75ஐ வைத்து. என்னையும் என் தாயையும் கடவுள்களாக்கிக்கொள்ளுங்கள் என்று மனிதர்களிடம் நீர் சொன்னீரா என்று மறுமையில் அல்லாஹ் கேட்பதையும், எனக்கு உரிமையில்லாததை நான் சொல்வேனா என்று ஈஸா (அலை) நடுங்கிப் பதில் சொல்வதையும் (5:116) வைத்து. பைபிளில் இரண்டு விதமான குரல்கள் இருப்பதைப் படிக்கும்போது, இவற்றில் எது அவர்களுடையது, எது பிறர் அவர்கள்மீது வைத்தது என்று நமக்குத் தெரிவிப்பது குர்ஆன். கிறிஸ்தவர் குர்ஆனை ஏற்காதவர் என்பதால் அவருக்கு இது ஆதாரமாகாது. அவரோடு எப்படிப் பேசுவது என்பதற்கு 29:46 இருக்கிறது, அழகிய முறையில்லாமல் வேதக்காரர்களோடு தர்க்கம் செய்யக் கூடாது என்று. நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து இதே விஷயத்தைப் பற்றித்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பேசினார்கள். ஆலு இம்ரான் ஸூராவின் முற்பகுதி அந்தச் சந்திப்போடு தொடர்புடையது. அவர்களுடைய தொழுகை நேரம் வந்தபோது நபியின் பள்ளியிலேயே அவர்கள் தொழ அனுமதிக்கப்பட்டதாக ஸீரா நூல்களில் வருகிறது.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். இப்போது தோழியின் கேள்வி வேறு. உங்கள் குர்ஆனும் இயேசுவை வார்த்தை என்றுதானே சொல்கிறது, யோவான் சொல்வதும் அதுதானே?

நல்ல கேள்வி. 3:45இலும் 4:171இலும் ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடமிருந்து வந்த கலிமா என்று கூறப்படுவது உண்மை. சொல் ஒன்று, பொருள் வேறு. யோவானில் வார்த்தை படைப்புக்கு முன்பே இருந்தது, அதைக்கொண்டே எல்லாம் படைக்கப்பட்டன. குர்ஆனில் கலிமா என்பது 'குன்', ஆகுக என்ற கட்டளை என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். தந்தையின்றி, அந்த ஒரு கட்டளையால் உண்டானவர் என்பதால் அந்தப் பெயர். 3:59 அதை ஆதம் (அலை) அவர்களோடு ஒப்பிட்டே சொல்லிவிடுகிறது: மண்ணிலிருந்து படைத்து ஆகுக என்றான், ஆகிவிட்டார். தந்தை இல்லாதது கடவுளாக இருப்பதற்குக் காரணம் என்றால், தாயும் இல்லாத ஆதம் (அலை) அவர்களுக்கு என்ன சொல்வது? 4:171ஐ முழுதாக வாசிக்கச் சொன்னால் போதும். கலிமா என்று சொல்லும் அதே ஆயத்தில்தான் தூதர் என்பதும் இருக்கிறது, மூன்று என்று சொல்லாதீர்கள் என்பதும் இருக்கிறது.

இதையெல்லாம் அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். போகும்போது, ஸூரா மர்யமின் தமிழாக்கத்தைத் தோழி படிக்கக் கேட்கிறாள், மகள் கொடுக்கலாமா என்றார். கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய யோவான் புத்தகத்தையும் வாங்கி முழுதாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன், அத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து.